கடையில் வாங்கியது படியேறக் கூடாது

இது ஒரு பொய்யை வாங்குவதற்காக இரண்டு பஸ் மாறிப் போன மனிதரின் கதை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் கட்டிடத்தின் தபால் பெட்டியில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் கத்தரிக்காரர். நேரில் கூப்பிடும்போது கத்தரி சார். முப்பத்தெட்டு வருடம் ஓர் அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் வேலை பார்த்தவர். அச்சான தாள்களை மடித்து, தைத்து, ஒட்டி, கடைசியில் மூன்று பக்கமும் ஓரம் வெட்டும்போது நீள நீளமாகத் துண்டுக் காகிதம் விழும். அதைப் பார்த்தால் அவருக்குக் கை ஊறும். சாப்பாட்டு வேளையில் ஒரு துண்டை எடுத்து ஆறாக மடித்து, கத்தரியை அசைக்காமல் காகிதத்தை மட்டும் திருப்பித் திருப்பி வெட்டுவார். பிரித்தால், வானிலிருந்து விழும் பனித்துகளின் வடிவில், ஆறு கொம்புள்ள பனிப்பூ. "கத்தரி நிக்கணும், காகிதம்தான் சுத்தணும்" என்பார். அச்சகத்தில் அதைக் கேட்காதவர்கள் இல்லை, கேட்டு அலுத்துப்போகாதவர்களும் இல்லை.

கல்யாணமே அதில்தான் நடந்தது. தபால் அலுவலகத்தில் தலை குனிந்து முத்திரை குத்திக்கொண்டிருந்த பெண்ணிடம், ஸ்டாம்ப் வாங்கும் சாக்கில், கண்ணாடி இடுக்கு வழியாக ஒரு பனிப்பூவைத் தள்ளினார். அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எடை போடணுமா, இப்படியே அனுப்பணுமா?" என்று கேட்டாள். இவர் திருதிருவென்று விழித்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் பூவை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த இழுப்பறைதான் பிறகு குடும்பமானது.

அவர்கள் குடியிருந்தது நான்கு மாடிக் கட்டிடம். எட்டு வீடு, ஒரே மாடிப்படி. வருடக் கடைசியில் குளிர்கால விடுமுறை வந்துவிட்டால் வாசலையும் படிக்கட்டையும் அலங்கரிப்பார்கள். ஒரு காலத்தில் அது பெரிய தகராறாக இருந்தது. ஒருத்தர் மின்னுகிற விளக்குச் சரம் வாங்கித் தொங்கவிட, எதிர்வீட்டுக்காரர் அதைவிடப் பெரிதாக வாங்க, வாங்க முடியாதவர்கள் விடுமுறை முடியும்வரை படியில் வேகவேகமாக ஏறி இறங்கினார்கள். பத்து வருடத்துக்கு முன்னால், குடியிருப்போர் கூட்டத்தில் கத்தரிக்காரர்தான் எழுந்து சொன்னார்: "இனிமே வீட்ல கிடக்கறத வெச்சுக் கையால செஞ்சது மட்டும்தான். கடையில வாங்கினது படியேறக் கூடாது." கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். செக்ரட்டரி அதைக் கொட்டை எழுத்தில் எழுதி அறிவிப்புப் பலகையில் குத்தினார். யாரும் யார் முன்னாலும் கூசி நிற்க வேண்டியதில்லை என்பதற்காகப் போட்ட விதி அது. நல்ல விதிதான். போட்டவர்தான் அப்புறம் சரியில்லாமல் போனார்.

வாசல் கூடத்தின் கூரையில் தொங்கும் பன்னிரண்டு பனிப்பூக்கள் அவருடைய பங்கு. வருடா வருடம் புதுசு. ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை முதலில் அங்கேதான் நிறுத்தி, "அண்ணாந்து பாருங்க, எல்லாம் எங்க கத்தரி சார் கைவேலை" என்பார்கள். அவர் அப்போது அந்தப் பக்கம் ஏதோ வேலையாக வருவது போல வருவார். ஏதோ வேலையாக என்று அவர் நினைத்துக்கொள்வார், கட்டிடத்துக்கே தெரியும்.

இந்த வருடத் தொடக்கத்தில் அவருடைய வலது கை ஆட ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரல், பிறகு மணிக்கட்டுவரை. டாக்டர் நரம்பு என்றார், மாத்திரை எழுதினார், "பழகிக்கணும்" என்றார். கத்தரிக்காரர் பழகிக்கொண்டது மறைப்பதற்குத்தான். கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். யாராவது கோப்பையை நீட்டினால் "அங்க வைங்க, ஆறட்டும்" என்றார். மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளிடமும் அவராகச் சொல்லவில்லை. பொத்தான் போட வராமல் அரைமணி நேரம் குளியலறையில் நின்றதைப் பார்த்து அவளே தெரிந்துகொண்டாள்.

குளிர் வந்தது. பழைய வழக்கப்படி ஜன்னலோரம் உட்கார்ந்து காகிதத்தை ஆறாக மடித்தார். முதல் பூவில் ஒரு கொம்பு அறுந்து விழுந்தது. இரண்டாவதில் இரண்டு. ஒன்பதாவது முயற்சியில் காகிதத்தையும் கத்தரியையும் சேர்த்து மேஜையில் எறிந்துவிட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

"குழாயை மெதுவாத் திறக்க மாட்டியா? சத்தத்துல கை எப்படி நிக்கும்?"

அவள் குழாயை மூடினாள். கை அப்போதும் நிற்கவில்லை.

"இந்த வருஷம் முடியலன்னு சொல்லிடுங்களேன். யாரு என்ன சொல்லப் போறாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதுதான் பிரச்சினை. ஐயோ பாவம்னு பாப்பாங்க."

மறுநாள் அவர் நகரத்தின் மறுகோடிக்குப் போனார். இரண்டு பஸ் மாறி, தெரிந்த முகம் எதுவும் எட்டிப் பார்க்காத ஒரு மொத்த வியாபாரத் தெருவில், தடித்த வெள்ளைக் காகிதத்தில் இயந்திரம் வெட்டிய பனிப்பூக்கள் பன்னிரண்டு அடங்கிய ஒரு பாக்கெட் வாங்கினார். உறையைக் கிழித்து பஸ் நிறுத்தத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். போட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு குடும்பஸ்தர், ஓய்வு பெற்றவர், காகிதப் பூ வாங்கியதற்கு இப்படிப் பார்த்தார் என்றால் யாராவது நம்புவார்களா?

வீட்டில் அடுத்த வேலை ஆரம்பித்தது. கடைப்பூ கடைப்பூ மாதிரியே இருந்ததுதான் அதன் குறை. அகலப் பாத்திரத்தில் தேயிலை டிக்காஷன் காய்ச்சி, பூக்களை ஒவ்வொன்றாக நனைத்து எடுத்து, துணிக்கடியில் வைத்து இஸ்திரி போட்டார். பென்சிலால் கோடு இழுத்துப் பாதி அழித்தார். எல்லாம் ஒன்றுபோல இருக்கக் கூடாதே என்று ஒவ்வொரு பூவிலும் வேறு வேறு இடத்தில் ஒரு நறுக்கு நறுக்கினார். ஆடிய கையால் நறுக்கியதில் அது அசல் கைவேலையாகத் தெரிந்தது. அந்தக் கை அந்த வருடம் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். "நான் டீ கேட்டா தூள் தீந்துபோச்சுன்னீங்க. பேப்பருக்கு மட்டும் போட்டுக் குடுக்கறீங்க."

"கொஞ்சம் பழசாத் தெரியட்டும்னுதான்."

"பழசாகணும்னா எதுக்கு இவ்வளவு கஷ்டம்? என்னை மாதிரி உங்ககூட இருந்தாலே போதும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இஸ்திரிப் பெட்டியைக் கேட்டபோது எடுத்துக் கொடுக்காமல் உள்ளே போய்விட்டாள்.

மாட்டும் நாளில் கத்தரிக்காரர் முட்டி வலி என்று சொல்லிவிட்டார். செக்ரட்டரியே ஏணியில் ஏறிப் பன்னிரண்டையும் மாட்டினார். செக்ரட்டரி ஒரு வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க நடப்பவர், கட்டிடத்தில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் தன்னைக் கேட்க வேண்டும் என்று நினைப்பவர். மாட்டி முடித்து இறங்கி, அண்ணாந்து பார்த்து, "இத்தனை வருஷத்துல இதுதான் சார் உங்க பெஸ்ட்" என்றார். முதல் மாடிப் பல் டாக்டரம்மாவும் அதையே சொன்னாள். கத்தரிக்காரர் கையைப் பைக்குள் வைத்தபடி சிரித்தார். அன்று வாசல் பக்கம் ஏதோ வேலையாக அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

இதோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். வயதான மனிதர், கௌரவம் பார்த்தார், ஒரு பாக்கெட் பூவுக்குப் பொய் சொன்னார். யாருக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் நாலாவது மாடியில் இருந்தது.

அங்கே மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு பெண் குடிவந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். புருஷன் லாரி ஓட்டுபவன், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். இவள் ஓர் அட்டைப்பெட்டிப் பட்டறையில் வேலை பார்த்தாள். இரும்பு அச்சை அட்டை மேல் இறக்கி வெட்டுகிற இயந்திரத்தில், வெட்டி விழுவதை மடித்து அடுக்கும் வேலை. கட்டிடத்தில் யாரிடமும் அதிகம் பேசவில்லை; யாரும் அவளிடமும் பேசவில்லை. அறிவிப்புப் பலகையில் விதியைப் படித்துவிட்டு, தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். பால் வரும் அட்டை டப்பாக்களைச் சேர்த்து, கழுவிக் காயவைத்து, உள்பக்கத்து வெள்ளி நிறம் வெளியே வரும்படி வெட்டி மடித்து முப்பத்திரண்டு நட்சத்திரம் செய்தாள். நாலாம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிவரை படிக்கட்டுக் கம்பிகளில் வரிசையாகக் கட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

நட்சத்திரங்கள் அவ்வளவு கச்சிதமாக இருந்தன. வந்தது வினை.

சனிக்கிழமை காலை செக்ரட்டரி கத்தரிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் பின்னால் பல் டாக்டரம்மா. "சார், நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும். உங்களத் தவிர இங்க வேற யாருக்குத் தெரியும்?"

மூன்றாம் மாடி வளைவில் அந்தப் பெண் நின்றிருந்தாள், தோளில் பையோடு. செக்ரட்டரி கம்பியிலிருந்து ஒரு நட்சத்திரத்தைக் கழற்றி வலது கையில் வைத்திருந்தார். இடது கையில், கூடத்தில் நூல் அறுந்து விழுந்திருந்த ஒரு பனிப்பூ.

"இதப் பாருங்க, இது உங்களோடது. கைவேலைன்னு பாத்ததுமே தெரியுது, அங்கங்க ஏறி இறங்கி இருக்கு. இதப் பாருங்க. முப்பத்திரண்டும் ஒரே அச்சு. பட்டறையில மெஷின்ல வெச்சு அடிச்சுக் கொண்டுவந்து மாட்டிட்டு, கையால வெட்டினேன்னு சொல்லுது இந்தப் பொண்ணு."

"கையாலதான் வெட்டினேன்" என்றாள் அவள். "நகம் வெட்டற கத்தரியில."

"சார் சொல்லட்டும்மா. சார் சொன்னா சரி."

கத்தரிக்காரர் நட்சத்திரத்தை இடது கையில் வாங்கினார். வாங்கியதுமே தெரிந்துவிட்டது. இயந்திர அச்சு மேலிருந்து அழுத்தி வெட்டுவதால் ஓரம் ஒரு பக்கமாக லேசாகத் தூக்கி நிற்கும். நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். கத்தரி வெட்டில் அது இருக்காது. கத்தரியை எடுத்து மறுபடி வைத்த இடத்தில் மட்டும் கடுகளவு ஒரு படி இருக்கும். இந்த நட்சத்திரத்தின் ஒவ்வொரு உள்மூலையிலும் அந்தப் படி இருந்தது. அட்டையைச் சுழற்றி, கத்தரியை நிறுத்தி வெட்டியிருந்தாள். யாரும் சொல்லித் தராமலே. முப்பத்தெட்டு வருடத்தில் இப்படி ஒரு சுத்தமான வெட்டை அவர் நாலைந்து பேரிடம்தான் பார்த்திருக்கிறார்.

கைவெட்டு என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னும் சொல்லிடுங்க சார்" என்றார் செக்ரட்டரி, இடது கையிலிருந்த பனிப்பூவை ஆட்டிக்கொண்டே. "ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்துடலாம். நாளைக்கு யாரும் ஏமாத்த முடியாது பாருங்க."

கத்தரிக்காரர் அந்தப் பூவைப் பார்த்தார். நகத்தை வைத்து இழுக்கச் சொன்னால் முதலில் எதில் இழுப்பார்கள்? பைக்குள் கை, தொடையைத் தட்டித் தட்டி ஆடியது.

"மெஷின் வெட்டுதான்" என்றார்.

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். பிறகு செக்ரட்டரியின் இடது கையிலிருந்த பனிப்பூவைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். அவள் அழப்போகிறாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை.

"சரிங்க. எடுத்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, குனிந்து முதல் நூலை அறுத்தாள்.

படியிறங்கும்போது செக்ரட்டரி அவர் காதருகில் சொன்னார்: "பட்டறை முதலாளி என் பழைய கஸ்டமர் சார். திங்கக்கிழமை ஃபோன் பண்ணி ஒரு வார்த்தை போட்டு வைக்கறேன். பட்டறை மெஷின்ல சொந்த வேலை பாக்கறது சின்ன விஷயமா? திருட்டுதானே?"

வீட்டுக்குள் வந்தபோது மனைவி கதவருகில்தான் நின்றிருந்தாள். படிக்கட்டில் பேசுவது எட்டு வீட்டுக்கும் கேட்கும். அவர் செருப்பைக் கழற்றினார்.

"அந்தப் பாத்திரத்துல டீக்கறை இன்னும் போகல" என்றாள். "தேச்சுப் பாத்துட்டேன். நீங்களே தேச்சுக்குங்க."

அன்று முழுக்க அவள் பேசிய கடைசிப் பேச்சு அது. அவர் பாத்திரத்தைத் தேய்த்தார். வெட்கம் என்பது முகத்தில் வருவது என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார். அது முதுகில் இருந்தது. நாலாம் மாடியில் யாரோ கதவைச் சாத்தினாலும் முதுகு சுருங்கியது. திங்கட்கிழமை அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விடும். போனால், அது அவர் வாயிலிருந்து வந்த இரண்டே வார்த்தையால் போகும். அவளைக் காப்பாற்ற வேறு வழி இருக்கிறதா என்று விடிய விடிய யோசித்தார். தன் பொய் வெளியே வராமல் என்ற சேர்மானத்தோடுதான் யோசித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிறு மதியம் நாலு மாடி ஏறினார். அவள் கதவைத் திறந்து, உள்ளே வாருங்கள் என்று சொல்லாமல், வழியை மட்டும் விட்டாள். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. மேஜை மேல் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி, அதற்குள் நட்சத்திரங்கள்.

"நேத்து வெளிச்சம் பத்தலம்மா" என்று ஆரம்பித்தார். "கண்ணும் முன்ன மாதிரி இல்ல. கைவெட்டாக்கூட இருக்கலாம்னு இப்பத் தோணுது. செக்ரட்டரிகிட்ட சொல்லி..."

"உங்க பூவுல எந்தக் கொம்பு மழுங்கியிருக்குன்னு தெரியுமா சார்?"

அவருக்குப் புரியவில்லை.

"கொம்புலயெல்லாம் ரெண்டு ரெண்டு பல்லு. ஒரே ஒரு கொம்புல ஒரு பல்லு மொக்கையா இருக்கும். எங்க பட்டறையில சீசனுக்குப் பூ வெட்டற அச்சுல அந்தப் பல்லு உடைஞ்சுபோச்சு. நான்தான் மேஸ்திரிகிட்ட காட்டினேன். சீசன் முடியட்டும், அப்புறம் சரிபண்ணலாம்னாரு. இந்த சீசன்ல அந்தப் பூவ எத்தனை ஆயிரம் அடுக்கியிருப்பேன்னு எனக்கே தெரியாது. நீங்க மாட்டின அன்னிக்கே பாத்தேன். பன்னெண்டுலயும் அந்த மொக்கைப் பல்லு."

கத்தரிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. அவர் பாத்திரத்தில் முக்கி, இஸ்திரி போட்டு, கோடு இழுத்து, நறுக்கி நறுக்கி மறைத்தது எல்லாம், படியேறிப் போகும்போதே ஒருத்திக்குப் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. நேற்று காலை அவள் பார்த்த பார்வையின் அர்த்தமும் இப்போதுதான் விளங்கியது.

"அப்போ ஏம்மா நேத்தே சொல்லல?"

"சொன்னா?" அவள் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "நான் வந்து மூணு மாசம். நீங்க கத்தரி சார். உங்க பூவு எங்க பட்டறைப் பூவுன்னு நான் சொல்லியிருந்தா, உங்களையா சந்தேகப்பட்டிருப்பாங்க? பெரியவர் மேலேயே பழி போடறான்னு என்னைத்தான் துரத்தியிருப்பாங்க. உங்க மேல இரக்கப்பட்டு விட்டேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தபால் பெட்டிச் சாவி உங்களுக்கு ஓட்டைக்குள்ள போகாம தட்டிக்கிட்டே இருக்கும். அதையும் பாத்திருக்கேன்" என்றாள், கொஞ்சம் தணிந்து. "கை முடியலன்னா முடியலன்னு சொல்றதுக்கு என்ன சார்? கையத்தானே காட்டணும்? நான் என் வேலையை எல்லாருக்கும் காட்டித்தானே மாட்டினேன்."

செக்ரட்டரி திங்கட்கிழமை ஃபோன் செய்யப்போகிறார் என்பதை அவர் சொன்னார். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். கத்தரிக்காரர் கைப்பிடிக் கம்பியைத் தொடாமல் நாலு மாடியும் இறங்கினார். அந்தக் கம்பியைத் தொட அவருக்குக் கூசியது.

அன்று சாயங்காலம் வாசல் கூடத்தில் வருடக் கடைசி ஒன்றுகூடல். அவரவர் வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். நாலாம் மாடியிலிருந்து மட்டும் நாற்காலி வரவில்லை. தலைக்கு மேல் பனிப்பூக்கள் சுழன்றன. விழுந்ததைக்கூட செக்ரட்டரி திரும்ப மாட்டிவிட்டிருந்தார். கத்தரிக்காரர் எழுந்து நின்றார்.

"ஒரு விஷயம் சொல்லணும்."

"அடுத்த வருஷ டிசைனா சார்?" என்றார் செக்ரட்டரி. எல்லோரும் சிரித்தார்கள்.

"நேத்து நான் சொன்னது பொய். நாலாம் மாடிப் பொண்ணு நட்சத்திரம் முப்பத்திரண்டும் கைவெட்டு. மேல தொங்குது பாருங்க பன்னெண்டு, அதுதான் மெஷின் வெட்டு. கடையில வாங்கினேன்."

பல் டாக்டரம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "பாத்தீங்களா, என்ன மனசு! அந்தப் பொண்ணு தப்பிக்கணும்னு தன் மேலேயே பழியப் போட்டுக்கறாரு!"

கைதட்டினார்கள். ஆமாம், கைதட்டினார்கள். அவர் "இல்ல, நெசமாத்தான்" என்றார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். செக்ரட்டரி அவர் தோளைப் பிடித்து, "உங்களுக்காக அந்தப் பொண்ண மன்னிச்சுட்டோம் சார், போதுமா?" என்றார். செய்யாத தப்புக்கு அவளுக்கு மன்னிப்பு, செய்த தப்புக்கு இவருக்குக் கைதட்டல். வாழ்நாளெல்லாம் பாராட்டுக்கு ஆசைப்பட்ட மனிதருக்கு அந்தச் சத்தம் செவிட்டில் அறைந்தது மாதிரி இருந்தது.

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "கத்தரி எடுத்துட்டு வர்றியா?"

அவள் மடியிலிருந்த கைப்பையைத் திறந்தாள். கத்தரி அதற்குள்ளேயே இருந்தது. எப்போது எடுத்து வைத்தாள் என்று அவர் கேட்கவில்லை.

கைக்கு எட்டிய காகிதம் அறிவிப்புப் பலகையில்தான் இருந்தது. ஊசிகளைப் பிடுங்கி, செக்ரட்டரியின் கொட்டை எழுத்து விதியை உருவி, நாற்காலிக் கையில் வைத்து இடது கையாலேயே ஆறாக மடித்தார். "சார், அது நம்ம ரூல்ஸு..." என்று செக்ரட்டரி எழுந்தார். கத்தரிக்காரர் பைக்குள்ளிருந்த வலது கையை வெளியே எடுத்தார். பத்து மாதமாக அந்தக் கட்டிடத்தில் யாரும் பார்க்காத கை. அது எல்லோர் முன்னாலும் ஆடியது. கத்தரியின் அலகுகள் ஒன்றோடொன்று தட்டிக் கடகடவென்று சத்தம் போட்டன. காகிதத்தில் வைத்தார். நழுவியது. மறுபடி வைத்தார். வெட்டவில்லை, கிழித்தது. அவர் நிறுத்தவில்லை. நெற்றியெல்லாம் வேர்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, குழந்தை வெட்டுவது போல வெட்டி முடித்துப் பிரித்தபோது ஒரு கொம்பு தரையில் விழுந்தது. இன்னொன்று பாதியில் தொங்கியது.

"இதுதான் இந்த வருஷத்து என் கைவேலை" என்றார். "மேல இருக்கறத இறக்கி ஓரத்துல நகத்த வெச்சு இழுத்துப் பாருங்க. தட்டும். அந்தப் பொண்ணோடதுல தட்டாது. ஒவ்வொரு பூவுலயும் ஒரு கொம்புல ஒரு பல்லு மொக்கையா இருக்கும், அதையும் பாத்துக்குங்க. நேத்து எனக்குத் தெரிஞ்சுதான் பொய் சொன்னேன்."

செக்ரட்டரி நாற்காலியில் ஏறி ஒரு பூவை இறக்கினார். நகத்தை வைத்து இழுத்தார். இன்னொன்றை இறக்கினார். சாவிக்கொத்துக்கூட சத்தம் போடவில்லை. பல் டாக்டரம்மா தன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கைதட்டிய கைகளை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஃபோன்..." என்றார் கத்தரிக்காரர்.

"பண்ண மாட்டேன் சார்" என்றார் செக்ரட்டரி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவர் மறுபடியும் நாலு மாடி ஏறினார். கதவு திறந்தேதான் இருந்தது.

"கீழ சொல்லிட்டேம்மா."

"கேட்டுது. கைதட்டினாங்களே."

"அது முதல்ல. அப்புறம் தட்டல." மூச்சு வாங்கியது. "நட்சத்திரத்த மறுபடி மாட்டும்மா."

அவள் உள்ளே போய் செருப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். நூல்கண்டையும் அதன் மேல் வைத்து அவரிடமே நீட்டினாள்.

"நான் மாட்ட மாட்டேன் சார். நானாவா எடுத்தேன்? எடுக்க வெச்சது நீங்க."

அவர் நாலாம் மாடிப் படியில் உட்கார்ந்தார். மனைவி இரண்டு படி கீழே வந்து நின்று, அவர் கேட்காமலே நூலைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் முடிச்சுப் போட்டுத் தரவில்லை. முதல் நட்சத்திரத்தைக் கம்பியில் கட்டவே அவ்வளவு நேரம் ஆனது. நூல் கண்ணிக்குள் போகாமல் பக்கத்தில் பக்கத்தில் போனது. ஒன்றுகூடல் முடிந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறியவர்கள் அவரவர் மாடியில் நிற்காமல் அவர் கட்டுவதைப் பார்க்க மேலே வந்தார்கள். நாலாம் மாடி எதிர்வீட்டுக்காரர்களுக்கு அவரைத் தாண்டித்தான் வழி. அவர் ஒதுங்கி ஒதுங்கி வழி விட்டார். "முடியலன்னா விடுங்களேன் சார், நான் கட்டித் தரேன்" என்று ஒருவர் குனிந்தார். "வேணாம்" என்றார் கத்தரிக்காரர். ஐயோ பாவம் என்ற அந்தப் பார்வை, அவர் பத்து மாதமாக ஒளிந்து ஓடிய அதே பார்வை, எல்லா வீட்டிலிருந்தும் வந்து அவர் கையின் மேல் விழுந்தது. காது மடல்வரை சுட்டது. கையைப் பைக்குள் போட்டுக்கொள்ள மனம் துடித்தது. போட்டுக்கொண்டால் நட்சத்திரம் கட்ட முடியாது.

நாலாவதைக் கட்டி முடித்தபோது மேலே கதவு நிலையில் சாய்ந்து நின்ற பெண் சொன்னாள்: "மூணாவது சாஞ்சிருக்கு சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சாய்ந்துதான் இருந்தது. பின்னால் நகர்ந்து, முடிச்சை அவிழ்த்து, திரும்பக் கட்ட ஆரம்பித்தார். பெட்டியில் இன்னும் இருபத்தெட்டு இருந்தன.